பத்து மாதத்தில் நான்காவது முறை: ஈஸ்ட் தொற்று ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதைக் கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். இனிமேல் முடியவில்லை, அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

பத்து மாதத்துக்கு முன் பல்லில் சீழ் கட்டி ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அது முடிந்த மூன்றாம் நாள் பிறப்புறுப்பில் அரிப்பு ஆரம்பித்தது. அப்புறம் திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாக வெள்ளைப்படுதல். சிறுநீர் போகும்போது வெளித்தோல் காந்தியது. மருத்துவர் பார்த்துவிட்டு ஈஸ்ட் தொற்று என்றார். ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. மூன்று நாளில் சரியாகிவிட்டது.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. பழைய மருந்துச் சீட்டு கையில் இருந்ததால் அதே மாத்திரையை நானே வாங்கிப் போட்டேன். குறைந்தது. மூன்றாவது முறை வந்தபோதும் அதே மாத்திரைதான், ஆனால் பாதிதான் குறைந்தது. இப்போது நான்காவது. மாத்திரை போட்டு இன்றோடு ஒன்பது நாள். வெள்ளைப்படுதல் முன்போலக் கட்டியாக இல்லை, ஆனால் எரிச்சல் அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குளியலறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு நாளைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். இவ்வளவு சுத்தமாக இருந்தும் ஏன் வருகிறது? என்ன தப்பு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

பவளமல்லி எழுதியது:

தப்பு எதுவும் இல்லை தோழி. முதலில் அந்தச் சோப்பை நிறுத்துங்கள், இன்றைக்கே. எனக்கும் இப்படித்தான் இருந்தது, வாசனைச் சோப்பை விட்ட ஒரு வாரத்திலேயே எரிச்சலில் பாதி போய்விட்டது. விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

நான் நுண்ணுயிர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து வரும் இந்த ஸ்வாப் மாதிரிகளைத் தினமும் பார்க்கிற ஆள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் வெளியிலிருந்து அழுக்கு வழியாக வந்து ஒட்டிக்கொள்கிற ஒன்று இல்லை. கேண்டிடா என்கிற இந்தப் பூஞ்சை நம் வாயில், குடலில், தோலில், யோனியில் ஏற்கெனவே குடியிருக்கிறது. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில் 100 பேரைச் சோதித்தால் 10 முதல் 20 பேரிடம் அது இருக்கும். அவர்களுக்கு மருந்தே தேவையில்லை. அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது அங்கேயே வாழும் லாக்டோபேசில்லஸ் என்கிற நல்ல பாக்டீரியா. பல்லுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் அவற்றையும் சேர்த்துத்தான் கொல்லும், ஈஸ்டைத் தொடாது. மருந்து முடிந்த மூன்றாம் நாள் அரிப்பு வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. பெண்களில் நாலில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வருகிறது. அதனால் சுத்தத்தைப் பற்றிய குற்ற உணர்வை விட்டுவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு. நான்கு முறை வந்திருக்கிறது, ஒரு முறைகூட ஸ்வாப் எடுத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. முதல் முறை மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொன்னார், மற்ற மூன்று முறையும் நீங்களே முடிவு செய்தீர்கள். அரிப்பை வைத்து மட்டும் இது ஈஸ்ட் என்று சொல்லவே முடியாது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஈஸ்ட் மருந்தைத் தாங்களாகவே வாங்கிய 95 பெண்களைச் சோதித்தார்கள். உண்மையில் ஈஸ்ட் தொற்று மட்டும் இருந்தது மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். மற்றவர்களில் பலருக்கு வேறு தொற்று இருந்தது, சிலருக்குத் தொற்றே இல்லை.

பரிசோதனை சின்ன விஷயம்தான். பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்த திரவத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். அது மற்ற செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் நிற்கும். சாதாரண கேண்டிடா அல்பிகன்ஸ் என்றால் மொட்டு விட்ட செல்களும், மூங்கில் கணுப்போல இடையிடையே இறுகிய நீண்ட இழைகளும் தெரியும். கேண்டிடா கிளாப்ரட்டா என்று இன்னொரு வகை இருக்கிறது. அது இழையே விடாது, சின்னச் சின்ன உருண்டையாகத்தான் கிடக்கும். அவசரத்தில் பார்த்தால் கண்ணில் படாமல் போகும். அதனால் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் கல்ச்சர், அதாவது மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கிளாப்ரட்டா ஃப்ளுகோனசோலுக்கு அவ்வளவாக மசியாது. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயம்: ஸ்வாப் எடுக்கும் வரை எந்தக் க்ரீமும் போடாதீர்கள். மருந்து பட்ட இடத்தில் பூஞ்சை இருந்தும் கல்ச்சரில் வளராமல் போகும்.

பவளமல்லி எழுதியது:

நுண்ணோக்கி சொன்ன மற்றவர்களில் நானும் ஒருத்தி. எட்டு மாதம் ஈஸ்ட் என்று நினைத்துக் க்ளோட்ரிமசோல் க்ரீம் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டால் இரண்டு நாள் குளுமையாக இருக்கும், மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு வெள்ளைப்படுதல் கட்டியாக இருக்காது. நீர்த்து, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு இருக்கும். உறவுக்குப் பிறகு வாடை அதிகமாகும். கடைசியில் ஒரு மருத்துவர் ஒரு பட்டைத் தாளை வைத்து அமிலத்தன்மையை (pH அளவு, எண் கூடினால் அமிலம் குறைவு) பார்த்தார். 4.5க்கு மேல் இருந்தது. இது பாக்டீரியல் வஜினோசிஸ், பூஞ்சையே இல்லை என்றார். மெட்ரோனிடசோல் ஏழு நாள். முடிந்தது.

அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஈஸ்டில் அந்த pH அளவு பெரும்பாலும் வழக்கம்போலவே, 4.5க்குள் இருக்கும், பெரிய வாடையும் இருக்காது. வாடை தூக்கலாக இருந்தால் முதலில் வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்துக்கொண்டு வந்தால் அது ட்ரைகோமோனாஸ் என்கிற வேறு கிருமியாக இருக்கலாம். அது உறவின் மூலம் பரவுவது, துணைவருக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

எட்டு மாதம் தோழி. ஒரு பட்டைத் தாள்.

அந்திமந்தாரை எழுதியது:

வினிகர் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவினால் போய்விடும் என்று என் சித்தி சொல்வார். பூண்டுப் பல்லை உரித்து உள்ளே வைத்தாலும் கேட்குமாம். செய்து பார்க்கலாமா?

செவிலியக்கா எழுதியது:

வேண்டாம் அம்மா, இரண்டுமே வேண்டாம். சித்தி அக்கறையோடுதான் சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வருடம் மகளிர் நோய்ப் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். பூண்டு வைத்துத் தோல் வெந்து புண்ணாகி வந்தவர்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். அரிப்புக்காக வைத்தது, கடைசியில் உட்கார முடியாமல் போனது. உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவினால், நமக்குக் காவல் இருக்கிற நல்ல பாக்டீரியாதான் முதலில் வெளியே போகும். யோனி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

மழைத்துளி, நீங்கள் நாளுக்கு மூன்று முறை சோப்பு என்று எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. இப்போது இருக்கும் எரிச்சலில் எவ்வளவு பூஞ்சையால், எவ்வளவு சோப்பால் என்றே பிரிக்க முடியாது. ராத்திரி அரித்தால் சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வெளியே வையுங்கள். சொறியாதீர்கள். பருத்தி உள்ளாடை போதும், தூங்கும்போது அதுவும் வேண்டாம். நனைந்த உடுப்போடு, வியர்த்த உடுப்போடு நேரம் கடத்தாதீர்கள். இவையெல்லாம் கொஞ்சம் இதம் தரும், அவ்வளவுதான். தொற்றைக் குணமாக்குவது மருந்து மட்டுமே.

கேட்கத் தயங்குவீர்கள் என்பதால் நானே கேட்கிறேன்: சர்க்கரை பார்த்தீர்களா? கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

மழைத்துளி எழுதியது:

அக்கா, கர்ப்பம் இல்லை. மாத்திரை எதுவும் இல்லை. சர்க்கரை மூன்று வருடத்துக்கு முன் பார்த்தது. நுண்ணோக்கி எழுதியதை நான்கு முறை படித்தேன். ஸ்வாப் பற்றி யாரும் என்னிடம் இதுவரை சொன்னதே இல்லை. சோப்பை நேற்றோடு நிறுத்திவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறேன்.

கணவருக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? அவரிடமிருந்துதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறதோ என்று ஒரு சந்தேகம். இதை அவரிடம் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

தூரப்பயணி எழுதியது:

ஓர் ஆண் பதில் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன். என் மனைவிக்கும் இதே பிரச்சினை இருந்தது. எங்கள் மருத்துவர் சொன்னது: ஈஸ்ட் தொற்றைப் பாலுறவு நோயாகக் கருதுவதில்லை. ஒருபோதும் உறவே கொள்ளாதவர்களுக்கும் வரும். அதனால் யாரும் யாரையும் சந்தேகப்பட இதில் இடமே இல்லை. கணவருக்கு அறிகுறி இல்லையென்றால் மருந்து தேவையில்லை.

எனக்கு அறிகுறி இருந்தது. முன்தோலுக்கு உள்ளே சிவந்து, சின்னச் சின்னப் புள்ளிகளாக, அரிப்போடு. க்ளோட்ரிமசோல் க்ரீமில் சரியானது. ஆனால் மருத்துவர் அத்தோடு விடவில்லை, சர்க்கரைக்கு எழுதிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. 41 வயது.

கதை அங்கே முடியவில்லை. ஒரு வருடம் கழித்துச் சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை சேர்த்தார்கள். ஐந்தாவது வாரம் அரிப்பு திரும்பி வந்தது. அந்த வகை மாத்திரைகள் அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், அந்தச் சர்க்கரை பூஞ்சைக்குத் தீனி. எம்பாக்ளிஃப்ளோசினும் அதே வகைதான். நானாக நிறுத்தவில்லை, மருத்துவரிடம் சொன்னேன். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அது தரும் பலனை விளக்கி, தொற்றுக்குத் தனியாக மருந்து கொடுத்தார். ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்த பிறகும் தண்ணீரால் கழுவித் துடைக்கச் சொன்னார். மறுபடி வரவில்லை. இந்த மாத்திரைகள் சாப்பிடும் யாராவது இந்த இழையைப் படித்தால் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

மனைவியிடம் இதைப் பேச எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. மழைத்துளி, உங்கள் கணவரிடம் வேறு எதுவும் விளக்க வேண்டாம், இந்தப் பதிவையே காட்டுங்கள்.

நுண்ணோக்கி எழுதியது:

தூரப்பயணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உள்ளே வைக்கும் மாத்திரைகளிலும் க்ரீம்களிலும் எண்ணெய்ப் பசை இருப்பவை ஆணுறையின் ரப்பரை வலுவிழக்கச் செய்யும். சிகிச்சை நாட்களில் ஆணுறையை நம்ப வேண்டாம்.

தூக்கணாங்குருவி எழுதியது:

நான் ஐந்து மாதக் கர்ப்பம். அரிப்பும் கட்டி வெள்ளைப்படுதலும் இருக்கிறது. மழைத்துளி சாப்பிட்ட அந்த ஒற்றை மாத்திரையை நானும் சாப்பிடலாமா?

செவிலியக்கா எழுதியது:

சாப்பிடக் கூடாது தாயே. கர்ப்பத்தில் ஃப்ளுகோனசோல் வாய்வழியாக எடுப்பதைத் தவிர்க்கச் சொல்வார்கள். க்ளோட்ரிமசோல் போன்ற, உள்ளே வைக்கும் மருந்தை ஏழு நாள் கொடுப்பதுதான் வழக்கம். ஒரு நாள், மூன்று நாள் மருந்து உங்களுக்குப் போதாது. மருந்து செலுத்தும் குழாயை ஆழமாக அழுத்தாதீர்கள், எப்படி வைப்பது என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கூடுவதால் இது அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல், அடிவயிற்று வலி, நீர் கசிவு, ரத்தம் இதில் எது இருந்தாலும் உடனே போய்விடுங்கள்.

அதே ஈஸ்ட்ரோஜன் காரணத்தால்தான் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது குறைவு. ஹார்மோன் சிகிச்சை எடுக்காத, 60 வயது கடந்த அம்மாக்களுக்கு அரிப்பு என்றால் வீட்டில் இருக்கும் பூஞ்சை க்ரீமைத் தடவிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் வறட்சியாக இருக்கும், சில நேரம் லைக்கன் ஸ்க்லெரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கும். அதற்கு மருந்தே வேறு.

பவளமல்லி எழுதியது:

என் பக்கத்து வீட்டு அம்மா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர். அவருக்கு ஃப்ளுகோனசோல் கொடுத்து, பல் ஈறிலெல்லாம் ரத்தம் வந்துவிட்டது. வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் பட்டியலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒற்றை மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்.

வெயில்நேரம் எழுதியது:

இங்கே பெண்கள் பிரச்சினை மட்டும்தானா பேசலாம்? எனக்கு நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. சுரண்டினால் வந்துவிடுகிறது, ஆனால் அடியில் சிவந்து லேசாக ரத்தம் கசிகிறது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

அதுவும் பெரும்பாலும் கேண்டிடாதான், இடம்தான் வேறு. ஸ்டீராய்டு இன்ஹேலரின் துகள் வாயிலேயே தங்குவதால் வருவது. இழுத்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். ஸ்பேசர் குடுவை வைத்து இழுத்தால் இன்னும் நல்லது. இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் நிஸ்டாட்டின் திரவம் கொடுக்கக்கூடும். வாயில் வைத்துச் சுழற்றிக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். பல்செட் போடுகிறவர்கள் ராத்திரி அதைக் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். காரணமே இல்லாமல் வாயில் வந்தால், விழுங்கும்போது வலித்தால், சர்க்கரையும் எதிர்ப்புச் சக்தியும் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

அந்த நிஸ்டாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1950இல் உலகுக்கு அறிவித்த மருந்து அது. ஒருவர் நியூயார்க் நகரில், இன்னொருவர் ஆல்பனியில். மண் மாதிரிகளையும் அதிலிருந்து பிரித்தவற்றையும் தபாலில் மாற்றி மாற்றி அனுப்பியே கண்டுபிடித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதன் சுருக்கம்தான் பெயரில் இருக்கும் நிஸ்டாட். இன்றைக்கும் குழந்தைகள் வாயில் வரும் வெண்படலத்துக்கு அந்தத் திரவத்தைக் கொடுக்கிறார்கள்.

மூன்றுபிள்ளைத்தாய் எழுதியது:

குழந்தை பேச்சு வந்ததால் கேட்கிறேன். என் எட்டு மாதப் பிள்ளைக்கு டயப்பர் இடத்தில் சிவந்து கிடக்கிறது. தொடை மடிப்புக்குள்தான் அதிகம், சுற்றிலும் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளிகள். வீட்டில் படர்தாமரைக்கு வாங்கிய கலப்பு க்ரீம் இருக்கிறது, நன்றாகக் கேட்கும் என்கிறார்கள்.

செவிலியக்கா எழுதியது:

அந்தக் க்ரீமைத் தொடாதீர்கள். கலப்பு க்ரீம்களில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். தடவினால் இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், அடியில் பூஞ்சை நிம்மதியாக வளரும். குழந்தையின் மெல்லிய தோலும் பாழாகும். பெரியவர்களுக்கும் இதுதான். மார்புக்குக் கீழ் மடிப்பிலும் தொடை இடுக்கிலும் இதைத் தடவித் தடவி, மாதக்கணக்கில் ஆறாமல் வருகிறவர்கள் ஏராளம்.

மடிப்புக்குள் சிவப்பும் சுற்றிலும் தனிப் புள்ளிகளும் ஈஸ்டின் அடையாளம். சாதாரண டயப்பர் புண் மடிப்பை விட்டுவிட்டு மேட்டில்தான் வரும். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்து கொடுப்பார். அதுவரை டயப்பரை அடிக்கடி மாற்றி, தண்ணீரால் கழுவி, ஒற்றி உலர்த்திக் காற்றோட்டமாக விடுங்கள். பிள்ளையின் வாயையும் ஒரு முறை பாருங்கள்.

அந்திமந்தாரை எழுதியது:

அக்கா, சித்தியிடம் சொல்லிவிட்டேன். அவருக்கே பல வருடமாக இந்த அரிப்பு இருக்கிறதாம். இதுவரை யாரிடமும் காட்டியதில்லை என்று இன்றைக்குத்தான் சொன்னார். 63 வயது. அடுத்த வாரம் நானே அழைத்துப் போகிறேன்.

மழைத்துளி எழுதியது:

பதினொரு நாள் கழித்து வருகிறேன். எல்லோரும் காத்திருந்திருப்பீர்கள், மன்னியுங்கள்.

மருத்துவரிடம் நான்கு முறை வந்த தேதிகளையும், ஒவ்வொரு முறையும் என்ன போட்டேன் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். அதைப் படித்துவிட்டு, வருடத்துக்கு மூன்று தடவைக்கு மேல் என்றால் இதைச் சாதாரணத் தொற்றாக நடத்தக் கூடாது என்றார். ஸ்வாப் எடுத்தது ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நேரடி ஸ்மியரில், அதாவது கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்ததில், பூஞ்சை இல்லை என்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம் கல்ச்சர் வந்தது. கேண்டிடா கிளாப்ரட்டா. நுண்ணோக்கி, நீங்கள் எழுதியதை மருத்துவரிடம் காட்டினேன், சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 5.4 சதவீதம், பிரச்சினை இல்லை.

முதலில் கொடுத்த உள்மருந்து என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டாம் நாளே மருத்துவர் நிறுத்தச் சொன்னார். இப்போது போரிக் அமிலக் கேப்சூல், 600 மில்லிகிராம், தினம் ஒன்று, யோனிக்குள் வைப்பது, மூன்று வாரம். இதை வாயில் போட்டால் விஷம் என்று மருத்துவர் மூன்று முறை சொன்னார். கர்ப்பிணிகள் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். டப்பாவின் மேல் சிவப்பு மையால் "விழுங்கக் கூடாது" என்று எழுதி, மகளின் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

இன்று ஐந்தாம் நாள். காலையில் நீர்போலக் கொஞ்சம் கசிகிறது, அது இயல்பாம். எரிச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது. நேற்று ராத்திரி எழுந்திருக்கவே இல்லை.

கணவரிடம் தூரப்பயணியின் பதிவைக் காட்டினேன். படித்துவிட்டு, "இத்தனை நாள் தனியாகவா இருந்தாய்" என்று கேட்டார்.

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல செய்தி. மூன்று வாரத்தையும் முடியுங்கள், அறிகுறி போய்விட்டது என்று நடுவில் விடாதீர்கள். அதற்குப் பிறகும் தொந்தரவு இருந்தால் மறுபடி கல்ச்சர் கேளுங்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கு: இந்தச் சிகிச்சையைப் பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அடிக்கடி வருகிற பலருக்குக் கல்ச்சரில் சாதாரண அல்பிகன்ஸ்தான் வரும். அவர்களுக்கு வழி வேறு. முதலில் தொற்றை முழுதாக அடக்கிவிட்டு, வாரம் ஒரு ஃப்ளுகோனசோல் என்று ஆறு மாதம் கொடுப்பார்கள். மருந்தை நிறுத்திய பிறகு சிலருக்குத் திரும்பவும் வரும், அப்போது மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ரிப்போர்ட்டில் எந்த வகைப் பூஞ்சை என்ற பெயர் வரும்படி கேட்டு வாங்குங்கள். வெறும் "பூஞ்சை வளர்ந்தது" என்றிருந்தால் மறுபடி கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அந்திமந்தாரை எழுதியது:

சித்திக்கு லைக்கன் ஸ்க்லெரோசஸ்தான். பூஞ்சையே இல்லை. களிம்பு கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்கள். செவிலியக்கா, இதை அவர் உங்களிடம் சொல்லச் சொன்னார்.